பன்னிரண்டாவது வரிசை பம்மல்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிட்லபாக்கத்தில் அக்கா வீட்டு நாலாவது மாடியில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, என் கம்பெனி எனக்கு ஒரு கேக் அனுப்பியது. மின்னஞ்சலில். கேக்கின் படம், அதன்மேல் பதினைந்து என்று கிரீமால் எழுதியிருந்தது. கீழே இரண்டு வரி. 'எங்களோடு பதினைந்து ஆண்டுகள் நிறைவுசெய்ததற்கு வாழ்த்துகள். நீங்கள் இல்லாவிட்டால்' என்று தொடங்கி, ஒரு விரற்கடை இடம் காலியாக விட்டு, 'சாத்தியமாகியிருக்காது' என்று முடிந்தது. அந்தக் காலி இடத்தில் நான் சாதித்ததைக் கணினியே எடுத்துப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. பாவம், தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை.

அக்காவிடம் காட்டினேன். அக்கா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாள் பார்க்கிற கண்ணோடு பார்த்தாள்.

"கோடிட்ட இடத்தை நிரப்புக. நீயே நிரப்பிக்கோன்னு விட்டுட்டாங்க போலிருக்கு. ஏன்டா, பதினஞ்சு வருஷமா அங்க நீ என்னதான் பண்ற?"

ஜெர்மனியில் ஒரு பெரிய லிஃப்ட் கம்பெனியில் வேலை செய்கிறேன். இதுவரை சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும். புரிந்த உடனே சங்கடம் ஆரம்பிக்கும். அக்கா குடியிருக்கும் அடுக்ககத்தின் லிஃப்ட் ஆறு வாரமாக ஓடவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மூன்றாவது மாடி ஏறும்போதே சங்கத்துச் செயலாளர் வழிமறித்தார்.

"சார், நீங்க லிஃப்ட் கம்பெனியாமே? நம்மளோடத கொஞ்சம் பாருங்களேன்."

"அது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல சார்."

"உங்க கம்பெனியோடதா இருந்தா பாத்துருவீங்களா?"

இந்த மனிதர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் பொதுமக்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்து இப்போது திருப்பித் தருகிறார்.

2

நான் செய்வது இதுதான். ஒரு லிஃப்டுக்குள் இப்போது இரும்பைவிட மென்பொருள் அதிகம். கதவு எப்போது மூட வேண்டும், எந்த மாடிக்கு முதலில் போக வேண்டும், நடுவில் மாட்டிக்கொண்டவர் மணியை அழுத்தினால் எங்கே கேட்க வேண்டும், ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள ஒரு டீம். மொத்தம் பத்து டீம், நாலு நாடு. கதவு டீம் முடிக்கட்டும் என்று மணி டீம் உட்கார்ந்திருக்கும். மணி டீம் முடிக்கட்டும் என்று கதவு டீம் உட்கார்ந்திருக்கும். இப்படி இரண்டு பேரும் உட்கார்ந்தே இருக்காமல் பார்த்துக்கொள்வதற்காகப் போடுகிற படத்துக்கு ரோட்மேப் என்று பெயர். பெரிய பலகை. இடமிருந்து வலமாக மாதங்கள், மேலிருந்து கீழாக டீம்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறிய பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடி, இரண்டு நாள் விவாதித்து, முடியாமல்போன பெட்டிகளை வலப்பக்கம் நகர்த்துவோம். நகர்த்துகிற கை என்னுடையது.

என் மகள் நிலா இரண்டாம் வகுப்பு படித்தபோது, பள்ளியில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். அவள் நான் வேலை செய்வதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள். 'அப்பா பெட்டிகளை நகர்த்துகிறார்' என்று அழகான ஜெர்மனில் எழுதிவிட்டாள். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிற ஆள் என்று எடுத்துக்கொண்ட டீச்சர், சனிக்கிழமை வந்து பள்ளிப் பியானோவை மாடிக்கு ஏற்றித் தர முடியுமா என்று கடிதம் அனுப்பினார். மறுத்து எழுதுகிற அளவுக்கு அப்போது எனக்கு ஜெர்மன் வராது. போய்த் தூக்கினேன். பதினைந்து வருடத்தில் நான் உறுதியாக நகர்த்திய பொருள் அது ஒன்றுதான்.

பலகையின் பத்து டீம்களுக்கும் ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களின் பெயர். அவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரிசையாக, நீல நிறத்தில் 'ஒருங்கிணைப்பு' என்று ஒன்று இருக்கும். அது நான். ஆக பதினொன்று.

பன்னிரண்டாவது வரிசை பிறந்த கதை வேறு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டீம் பொறுப்பேற்க வேண்டும். ஏற்காத பெட்டி சிவப்பாகிவிடும். என் மேலதிகாரி ஹெல்காவுக்குச் சிவப்பு ஆகாது. ஆனால் எந்தப் பெரிய கம்பெனியிலும் எல்லோருக்கும் தேவைப்படுகிற, யாரும் தொட விரும்பாத வேலைகள் இருக்கும். இருபது வருடத்துக்கு முந்தைய லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வது, திரையில் வரும் பிழைச் செய்திகளைச் சரிபார்ப்பது, அவசர மணியின் பாதுகாப்புச் சான்றிதழை வருடாவருடம் புதுப்பிப்பது. பத்துச் சிகரங்களும் இவற்றைக் கண்டால் மேகத்துக்குள் போய்விடும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், கூட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கையில் ஏழு பெட்டி சிவப்பு. கெஞ்சிப் பார்த்தேன். பிறகு கீழே புதிதாக ஒரு வரிசை சேர்த்து, ஏழையும் அதில் தள்ளினேன். 'டீமின் பெயர்?' என்று கணினி கேட்டது. மலையின் பெயர் வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. விரல் தானாக 'பம்மல்' என்று அடித்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர். மலை இல்லாமலும் இல்லை. குவாரிக்காரர்கள் உடைத்து லாரியில் ஏற்றியதுபோக அந்தப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஏழும் பச்சையாயின.

"புது டீமா?" என்றார் ஹெல்கா. "பம்மல் எவ்வளவு உயரம்?"

"முன்பு இன்னும் உயரமாக இருந்தது," என்றேன். அந்தக் கூட்டத்தில் நான் சொன்ன ஒரே உண்மை.

3

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். பம்மலில் போட்ட பெட்டிகள் ஒவ்வொன்றாக முடிந்தன. பிழைச் செய்திகள் சரியாயின. பழைய லிஃப்டுகள் பற்றிய புகார் குறைந்தது. சான்றிதழ் காலாவதியாகவில்லை. டீம் என்று ஒன்று கிடையாது. ஆனால் வேலை நடக்கிறது. சாதாரண மனிதன் இந்த இடத்தில் விசாரித்திருப்பான். நான் நாலு நல்ல புத்தகம் படித்தவன் என்பதால் தத்துவம் கண்டுபிடித்தேன். பாதி வேலைகள் உண்மையில் வேலைகளே அல்ல. சும்மா விட்டால் தாமாகக் கரைந்துவிடும்.

இதைக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி நாற்பது நிமிடம் பேசினேன். தலைப்பு, 'சும்மா விடுவதன் கலை'. அவசர மணியின் சான்றிதழை உதாரணம் காட்டினேன். "காலாவதியாக இரண்டு நாள். யாரும் தொடவில்லை. என்ன ஆயிற்று? அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது!" அரங்கம் சிரித்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹெல்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

ஹெல்காவின் ஞாபகசக்தியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கெடு தேதிகளை மன்னிப்பார். நகைச்சுவையை மறக்க மாட்டார்.

4

கேக் வந்த அதே செவ்வாய்க்கிழமை மதியம், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தபோது ஹெல்கா அழைத்தார். விடுமுறையில் இருப்பவரை அந்த நாட்டில் அழைக்க மாட்டார்கள். அழைத்தால் விஷயம் பெரிது.

"புது நிர்வாகக் குழு பலகையை ஒரே தாளில் அச்சடித்துக் கேட்கிறது. பதினொரு வரிசைதான் அடங்குகிறது. ஒன்றை எடுக்க வேண்டும்."

"எழுத்தைச் சிறிதாக்கினால்?"

"குழுவின் சராசரி வயது அறுபத்தொன்று."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எல்லா மேலாளர்களும் தங்கள் ஆட்களைக் காப்பாற்றப் போராடுகிற நேரத்தில், ரத்தம் சிந்தாமல் எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு வரிசை இருக்கிறது.

"பம்மலை எடுத்துவிடுங்கள். யாருக்கும் வலிக்காது," என்றேன்.

ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் அறிவிப்புப் போனது. பம்மல் டீம் இந்த மாத இறுதியோடு கலைக்கப்படுகிறது. அவர்களது உழைப்புக்கு நன்றி. நான் அக்கா செய்த வத்தக்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டிருந்தேன். கணினியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ஸ்டெல்லா என்கிற பெயரிலிருந்து.

'சார், நாங்கள் என்ன தவறு செய்தோம் என்று தெரிந்துகொள்ளலாமா?'

தவறுதலாக வந்த செய்தி என்று நினைத்து, 'நீங்கள் எந்த டீம்?' என்று கேட்டேன்.

'பம்மல் டீம் சார். சென்னை ஆபீஸ்.'

கூடவே ஒரு புகைப்படம். ஒரு பெண்ணும் ஓர் ஆணும், இரண்டு மேசை, நடுவில் தூண். தூணில் ஒட்டியிருந்த தாளில் கொட்டை எழுத்தில் 'பம்மல் டீம்'. தாளின் ஓரங்கள் பழுத்திருந்தன. நேற்று ஒட்டிய தாள் அல்ல.

கையில் குழம்புச் சோறு காயக் காய அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கற்பனை செய்த ஆட்கள் எனக்குக் கடிதம் எழுதுவது அதுதான் முதல் தடவை.

5

சென்னை ஆபீஸ், தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரம். ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடம். அக்கா வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி. பதினைந்து வருடமாக ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்த வழியாகத்தான் வந்து போகிறேன். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. கற்பனை டீமுக்கு ஆபீஸ் எதற்கு?

மறுநாள் காலை போனேன். ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். எழுந்து நின்றார். பக்கத்தில் மோகன், முப்பது வயசு, நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றான்.

"உக்காருங்க. நானும் பம்மல்தான். சங்கர் நகர்," என்றேன். பேச வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

மோகன் முழுசாக எழுந்துவிட்டான். "ஸ்டெல்லாக்கா, நான் அப்பவே சொல்லல? நம்மாளுதான் மேல ஒக்காந்துகினு பேரு வெச்சிகீறாருன்னு!"

ஸ்டெல்லா நடந்ததைச் சொன்னார். இருவரும் ஒப்பந்த ஊழியர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய மேலாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. மாதாமாதம் வருகைப் பதிவை அவருடைய பழைய முகவரிக்கே அனுப்புவார்கள். அங்கே அமைத்துவைத்திருந்த தானியங்கி ஒன்று 'சரி' என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு மாசம் சார். தெனம் வந்து ஏசில உக்காந்துட்டுப் போவோம். வேலையே இல்ல. எப்ப கூப்ட்டு அனுப்பப்போறாங்களோன்னு மெயிலயே பாத்துக்கிட்டு இருப்போம். ஒருநாள் மோகன்தான் பலகையத் தொறந்து பாத்தான்."

"கடைசி வரிசைல பம்மல்னு போட்டுகீது சார்!" என்றான் மோகன். "எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஜெர்மனிக்காரனுக்கு இன்னா தெரியும், சொல்லுங்க? தாம்பரம் தெரியும்னாகூட ஒத்துக்கலாம், ஏர்ஃபோர்ஸ் கீது. பம்மல் எப்டித் தெரியும்? நம்மளுக்குன்னு போட்டதுதானே!"

"நான் அனகாபுத்தூர் சார்," என்றார் ஸ்டெல்லா, குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில். "ஒரு ஸ்டாப்தானேன்னு நானும் சேந்துக்கிட்டேன்."

இந்தத் தர்க்கத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியுமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இல்லை. உலகத்தில் எந்த ஊர்க்காரனும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற இரண்டு பேரைத் தவிர.

"அந்தச் சான்றிதழ்..." என்று இழுத்தேன். "போன தடவை கடைசி நேரத்துல..."

"அத ஏன் சார் கேக்குறீங்க. அன்னிக்கு மழைல எங்க தெருவுல இடுப்பு வரைக்கும் தண்ணி. ஆத்தோரம்தான வீடு. பொண்ணக் கூட்டிக்கிட்டு, லேப்டாப்ப பிளாஸ்டிக் கவர்ல கட்டித் தலைமேல வெச்சிக்கிட்டு, குரோம்பேட்டைல சித்தி வீட்டுக்குப் போனேன். உள்ள சிக்னலே இல்ல. மொட்டைமாடில தண்ணித் தொட்டி ஓரமா நின்னாதான் ஒரு கோடு வருது. சித்தி குடை புடிச்சாங்க, நான் அனுப்புனேன். மூணு தடவ கட்டாகி நாலாவது தடவ போச்சு. போகலன்னா மறுநாள்லேர்ந்து லிஃப்ட்ல மாட்டுனவங்க மணி அடிச்சா யாருக்குமே கேக்காதுல்ல சார்?"

தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளவில்லை, அந்தச் சான்றிதழ். ஒரு சித்தி குடை பிடித்திருக்கிறார்.

"டீம் இருந்தாதான் கான்ட்ராக்ட் நீட்டிப்பாங்க சார்," என்றார் ஸ்டெல்லா. "பொண்ணு பன்னண்டாவது படிக்குறா. இந்த வருஷம் மட்டும் தள்ளிட்டா..."

"எனக்குத் தை மாசம் கல்யாணம்," என்றான் மோகன். "பொண்ணு வூட்ல ஜெர்மன் கம்பெனின்னு சொல்லிகீறோம். ஒரே பேஜாராப் பூடும் சார்."

கிளம்பும்போது ஸ்டெல்லா கேட்டார். "எங்களுக்காகத்தான சார் அந்தப் பேரு வெச்சீங்க?"

தலை ஆடியது. என் தலைதான், வேறு யாருடையதும் அங்கே ஆடவில்லை.

6

அவர்களைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஹெல்காவிடம் 'பம்மலை எடுக்க வேண்டாம்' என்றேன். டீம் இருப்பதை நிரூபிக்க ஒரு படிவம் வந்தது. அதில் ஆறாவது கேள்வி: 'இந்த டீமை உருவாக்கியவர் யார்? நோக்கம் என்ன?'

இருப்பதை நிரூபிப்பது அந்த நாட்டில் சாமான்யப்பட்ட காரியம் இல்லை. வீடு மாறிய வருடம், நகராட்சி அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. 'நீங்கள் இந்த முகவரியில் வசிக்கவில்லை என்று எங்கள் பதிவேடு காட்டுகிறது' என்று அந்த முகவரிக்கே எழுதியிருந்தார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், இது என் கைக்கு வந்து சேர்ந்ததே அத்தாட்சி அல்லவா என்றேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி என்னை அனுதாபத்தோடு பார்த்து, "நீங்கள் இருக்கலாம். பதிவேட்டில் இல்லை," என்றார். ஐந்து வாரம் ஆயிற்று எனக்கு, இருக்க.

ஆகவே ஆறாவது கேள்விக்கு நன்றாக யோசித்துப் பதில் எழுதினேன். 'உருவாக்கியவர்: நான். நோக்கம்: குறைந்த ஆட்களைக் கொண்டு யாரும் ஏற்காத பணிகளை முடிக்கும் நீண்டகாலப் பரிசோதனை.' எழுதிப் பார்த்தால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. 'பம்மல் மாதிரி' என்று ஒரு தலைப்புப் படமும் தயாரித்தேன். பின்னணியில் ஒரு மலை. பனி மூடிய மலை.

அக்கா எதிரே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். டைம்டேபிள் போடுகிறவள், ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டாள்.

"இதுதானா உன் ரோட்மேப்பு? எங்க ஸ்கூல் டைம்டேபிள்லயும் வாரத்துக்கு ரெண்டு பீரியட் 'நூலகம்'னு இருக்கும். நூலகம் கிடையாது. கட்டம் காலியா இருந்தா மேல கேப்பாங்கன்னு போடுறது. ஆனா அந்த நேரத்துல புள்ளைங்க சும்மா இருக்குமா? யாராவது ஒரு டீச்சர் போய்ப் பாத்துக்கத்தான் செய்வா. அது டைம்டேபிள்ல இருக்காது." சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டாள். "ஆக, அந்தப் பொண்ணு மழைல நின்னு பண்ணத, தானா நடந்துச்சுன்னு நீ மேடையேறிச் சொல்லியிருக்க."

"ஆமா."

"கை தட்டுனாங்களா?"

"எழுந்து நின்னு."

"ம்." அடுத்த தாளைப் புரட்டினாள். "இப்ப நான்தான் ஏற்பாடு பண்ணேன்னு எழுதுற."

"அப்படி எழுதினா அவங்க வேலை தப்பிக்கும்லக்கா?"

"தப்பிக்கும். உன்னோடதும் சேந்து தப்பிக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். அந்தத் தாளுக்கு எத்தனை மதிப்பெண் போட்டாள் என்று எட்டிப்பார்க்கத் தைரியம் வரவில்லை.

7

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. சானடோரியம் ஆபீஸின் சின்ன அறையில் ஸ்டெல்லாவுக்கும் மோகனுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். திரையில் ஹெல்கா. என் படிவம் அவர் கையில் இருந்தது.

"உங்கள் வேலையில் ஒன்றைச் சொல்லுங்கள்," என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

ஸ்டெல்லா சான்றிதழ் கதையைச் சொன்னார். நிதானமாக, ஆங்கிலத்தில், குடை உட்பட. கடைசியில், "எல்லாம் சார் எங்களைத் தேர்ந்தெடுத்ததால்தான்," என்று சேர்த்தார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு அவசியமும் இல்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்தார்.

ஹெல்கா பேனாவை மூடி வைத்தார். "இந்தச் சான்றிதழ். இது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்ட அதுதானே?"

'பம்மல் மாதிரி' என் கணினியில் தயாராக இருந்தது, பனி மலையோடு. ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். பரிசோதனையின் ஒரு பகுதியாகவே அப்படிப் பேசினேன் என்று சொல்லிவிடலாம். பத்துச் சிகரங்களில் எட்டுப் பேர் அப்படித்தான் சொல்வார்கள், சொல்லித்தான் சிகரமானார்கள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ நல்லதாகச் சொல்லப்போகிறேன் என்று.

"இந்த டீமை நான் உருவாக்கவில்லை," என்றேன். "சிவப்புப் பெட்டிகளை மறைக்க ஒரு பொய் வரிசை போட்டேன். பெயர் கிடைக்காமல் ஊர்ப் பெயரை அடித்தேன். இவர்கள் இருப்பதே இந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரியும். இவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இவர்களாகவே வந்து வேலையை எடுத்துக்கொண்டார்கள். படிவத்தில் ஆறாவது பதிலை அடித்துவிடுங்கள்."

ஹெல்கா அடித்தார். பேனாவின் கீறல் சத்தம் கேட்டது.

"நல்லது. பம்மலில் இரண்டு பேர் இருக்கிறார்கள், வேலை நடக்கிறது. அது இருக்கட்டும். ஆனால் தாள் பெரிதாகப்போவதில்லை. ஒரு வரிசை போயாக வேண்டும். முதல் வரிசையில் என்ன நடக்கிறது?"

பேச ஆரம்பித்தேன். ஒத்திசைவு, முன்னுரிமை, தெளிவு, வழித்தடம். மோகன் பிற்பாடு கணக்குச் சொன்னான்: "ஆறு நிமிசம் சார். மூச்சே வுடல."

ஹெல்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் கேட்பது வேறு. அது நின்றுபோனால் முதலில் யார் கவனிப்பார்கள்?" என்றார்.

கேக்கின் கீழே கணினி விட்டிருந்த காலி இடம் ஞாபகத்துக்கு வந்தது. தேடிப் பார்த்தேன், அதைப் போலவே.

"நான்," என்றேன். "நான் கவனிப்பேன்."

திரை அணைந்தது. மோகன்தான் ஆரம்பித்தான். "அப்ப நம்மள யாருமே வெக்கலியாக்கா? நாமளாதான் வந்து குந்திக்கினோமா?" எழுந்துபோய்த் தூணில் ஒட்டியிருந்த தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினான்.

"கைய எடுடா," என்றார் ஸ்டெல்லா. "ஒட்டுனது நாமதான. இருக்கட்டும்."

என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். அதற்குப் பதில் நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

8

அந்த நாட்டில் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பப் பதினேழு படிவம் வேண்டும். இடம் மாற்ற ஒன்று போதும். மாற்றிவிட்டார்கள். பெட்டிகளை இப்போது டீம்களே நகர்த்திக்கொள்கின்றன. முன்பு எவ்வளவு தாமதமோ அதே தாமதம். நான் பன்னிரண்டாவதாக இருந்து பதினொன்றாவதாக உயர்ந்துவிட்ட வரிசையில் இருக்கிறேன். பம்மல் டீம், மூன்று பேர். தலைவர் ஸ்டெல்லா. இருவருக்கும் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு நீண்டது.

நான் விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிறு, மோகன் கல்யாணப் பத்திரிகையோடு அக்கா வீட்டுக்கு வந்தான். கீழே லிஃப்ட் திறந்தபடி நிற்பதைப் பார்த்து, கதவோரம் குனிந்து, கைக்குட்டையால் எதையோ துடைத்தான். கதவு மூடியது. லிஃப்ட் நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தது. "கதவு சென்சார் கண்ணுல தூசு சார், அவ்ளோதான். கதவுக்கு நடுவுல யாரோ நிக்கிறாங்கன்னு நெனச்சுகினு இருந்துகீது." சங்கத்துச் செயலாளர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவருதான் லிஃப்ட் கம்பெனி!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அங்கே நிற்காமல் படியிலேயே இரண்டு மாடி இறங்கிவிட்டேன்.

நிலாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. வேறு ஊரில் படிக்கிறாள். தமிழில் 'சாப்ட்டாச்சு' என்பதைத் தாண்டி அவளிடமிருந்து செய்தி வந்து வருடக்கணக்காயிற்று. விஷயத்தை எழுதினேன். ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: 'அப்பா, இப்போ உன்னை நகர்த்திட்டாங்களா?' அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழையும் இல்லை, பொருட்பிழையும் இல்லை.

புது வேலையின் முதல் நாள் காலை எட்டரை மணிக்கு ஸ்டெல்லாவை அழைத்தேன். அங்கே மதியம். பின்னால் தூணும் அந்தத் தாளும் தெரிந்தன. வெறுங்கையோடு போகக்கூடாது என்று வார இறுதி முழுக்க உட்கார்ந்து ஒன்று தயாரித்து வைத்திருந்தேன்.

"ஸ்டெல்லா, நம்ம டீமுக்கு அடுத்த மூணு மாசத்துக்கு ஒரு ரோட்மேப் போட்டிருக்கேன்."

அவர் திரையில் குனிந்து, ஒவ்வொரு பெட்டியாக, நேரம் எடுத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். கலர்லாம் குடுத்திருக்கீங்க."

"எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

கொஞ்சம் யோசித்தார். மூன்று வருடம் முன்பு அந்த இரண்டு மாதமும் அவரை ஏசியில் உட்காரவைத்தவர்களைவிட மரியாதையாகவே சொன்னார்.

"மொதல்ல ஒரு மாசம் பக்கத்துல இருந்து பாருங்க சார். எதையும் தொடாதீங்க."